மழைக் கணக்கைப் பூட்டினேன்: ஃபார்முலாவை நிலையான எண்ணாக மாற்றிய அனுபவம்

மொட்டை மாடியில் மழை அளக்கத் தொடங்கி இது ஐந்தாவது பருவம். 20 செ.மீ. வாய் கொண்ட பிளாஸ்டிக் புனல், அதன் கீழே ஐந்து லிட்டர் கேன், அவ்வளவுதான் கருவி. காலை எட்டரைக்குத் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து, மில்லி லிட்டரை எக்செல்லில் எழுதுவேன். வானிலைத் துறையின் மழை நாளும் காலை எட்டரைக்குத்தான் முடிகிறது. புனல் வாயின் பரப்பு 314.16 சதுர செ.மீ. அதில் 1 மி.மீ. மழை பெய்தால் 31.416 மி.லி. சேரும். எச்1 செல்லில் 31.416 என்று எழுதிவைத்து, அன்றன்றைய மில்லி லிட்டரை அதனால் வகுக்கும் ஃபார்முலாவை அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை 92 வரிசைக்கும் இழுத்துவிட்டிருந்தேன்.

நவம்பர் 9 இரவு தென்னை மட்டை விழுந்து புனல் நொறுங்கிவிட்டது. கடையில் 15 செ.மீ. புனல்தான் கிடைத்தது. அதற்கு 1 மி.மீ. என்பது 17.671 மி.லி. மறுநாள் காலை எச்1 செல்லில் அந்த எண்ணை எழுதி என்டரைத் தட்டினேன். அதுவரை எழுதிய நாற்பது நாட்களும் ஒரே நொடியில் மாறிவிட்டன. அக்டோபர் 21 அன்று 628 மி.லி.க்கு 20.0 மி.மீ. என்று இருந்தது, 35.5 என்று நின்றது. பெய்து வடிந்து மூன்று வாரம் ஆன மழை திடீரென்று ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிட்டதைப் பார்க்கையில் வயிற்றைப் பிசைந்தது. மில்லி லிட்டர் எண்கள் தனி நெடுவரிசையில் அப்படியே இருந்ததால் தப்பித்தேன். 31.416-ஐத் திரும்ப எழுதியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்தன. ஆனால் புதிய புனலோடு இனி என்ன செய்வது?

முதலில் பாதி வழியாக ஒன்றைச் செய்து பார்த்தேன். ஃபார்முலா பட்டையில் எச்1 என்ற பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையை அழுத்தினால், அந்த இடத்தில் 31.416 என்ற எண்ணே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வகுத்தல் கணக்கு அப்படியே இருக்கிறது. அழகான வசதி. எட்டொன்பது செல்களுக்குச் செய்த பிறகு, கண்டுபிடித்து மாற்றும் பெட்டியில் டாலர் குறிகளோடு கூடிய எச்1-ஐக் கொடுத்து (இழுக்கும்போது இடம் மாறாமலிருக்க ஃபார்முலாவில் அப்படித்தான் எழுதியிருந்தேன்) மீதியையும் ஒரே தட்டில் 31.416 ஆக மாற்றிவிட்டேன். இதில் ஒரு நன்மை உண்டு: மில்லி லிட்டரைப் பின்னால் திருத்தினால் மி.மீ. தானாகத் திருந்தும். ஆனால் முடிந்துபோன நாட்களின் எண்கள் இன்னும் கணக்காகவே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மில்லி லிட்டர் நெடுவரிசையை அழித்தால் மறுபடி ஆடிப்போகும். அளந்து முடித்த மழை கல்லில் வெட்டியது போல இருக்க வேண்டும்.

எனவே முழுதாகப் பூட்ட முடிவு செய்தேன். நாற்பது செல்களையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல் சி. அதே இடத்தில் நின்று கண்ட்ரோல் ஆல்ட் வி, பிறகு வி, என்டர். ஃபார்முலா போய் எண் மட்டும் நின்றது. புதிய எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் கண்ட்ரோல் ஷிஃப்ட் வி போதும். லிப்ரே ஆபீஸில் டேட்டா மெனுவுக்குள் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. வடிகட்டி (ஃபில்டர்) போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மறைந்திருக்கும் வரிசைகளில் எண்கள் போய் விழலாம்.

பூட்டிய பிறகு ஒரு செல்லைத் தட்டிப் பார்த்தேன். திரையில் 64.5, மேலே பட்டையில் 64.4576 என்று தொடங்கி நீண்டுகொண்டே போனது. 2025 மி.லி. சேர்ந்த நாள் அது. வானிலைத் துறையின் கணக்கில் கனமழை 64.5 மி.மீ.யில் தொடங்குகிறது. என் அட்டவணை 64.5 என்று காட்டிக்கொண்டே அந்த நாளைக் கனமழையில் சேர்க்கவில்லை! ஒட்டும்போது திரையில் தெரியும் எண் ஒட்டப்படுவதில்லை, உள்ளே இருக்கும் எண்தான் எல்லாத் தசமங்களோடும் ஒட்டப்படுகிறது. கண்ட்ரோல் இசட் போட்டுத் திரும்பி, ரவுண்ட் ஃபார்முலாவால் ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கி, மறுபடி பூட்டினேன். ஐந்து மி.லி. கோடு போட்ட குவளையால் அளக்கும் எனக்கு இரண்டாம் தசமம் சொல்லும் தகுதி இல்லை. ஒரு தசமம்தான் நேர்மை.

அதிக நேரம் பிடித்தது காலி செல்களில். மில்லி லிட்டர் எழுதாத நாளில் எதுவும் காட்டாதே என்று ஃபார்முலாவில் ஒரு நிபந்தனை வைத்திருந்தேன். பூட்டிய பின் அந்த செல்களைத் தட்டினால் பட்டையில் ஒன்றுமே இல்லை. ஆனால் காலியாக இல்லாத செல்களை எண்ணும் கவுண்ட்ஏ ஃபார்முலாவைப் போட்டால், மழை நாட்கள் 17 வர வேண்டிய இடத்தில் 40 வந்தது. ஃபார்முலா விட்டுச்சென்ற வெற்று எழுத்துச் சரம் கண்ணுக்குத் தெரியாமல் 23 செல்களிலும் தங்கியிருக்கிறது. வடிகட்டியில் வெற்றிடங்களை மட்டும் வரவழைத்து, தேர்ந்தெடுத்து, டெலீட் அழுத்தியதும் 17 வந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது: அந்த 23 நாட்களும் ஒரே மாதிரியான நாட்கள் அல்ல. 21 நாட்கள் கேனைப் பார்த்தேன், தண்ணீர் இல்லை. இரண்டு நாட்கள் நான் ஊரிலேயே இல்லை. மழை பெய்யவில்லை என்பதும் நான் பார்க்கவில்லை என்பதும் வேறு வேறு செய்திகள். 21-க்கும் பூஜ்யம் எழுதினேன். இரண்டை உண்மையான காலியாக விட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு திருத்தம் வந்தது. அளந்ததும் கையால் குறித்துவைக்கும் நோட்டில் அக்டோபர் 21-க்கு 682 என்று இருக்கிறது. எக்செல்லில் 628 என்று இடம் மாற்றித் தட்டியிருக்கிறேன். மில்லி லிட்டரைத் திருத்தினேன், மி.மீ. 20.0-இலேயே நின்றது. பூட்டியது நான்தானே. 21.7 என்று கையால் எழுதினேன். அன்று முதல் பூட்டிய செல்களுக்குச் சாம்பல் நிறம் தருகிறேன். பூட்டுவதற்கு முன் அந்தத் தாளின் நகலை ஃபார்முலாவோடு தனியாக வைத்துக்கொள்கிறேன்.

எச்1 இப்போது இல்லை. ஒவ்வொரு வரிசையிலும் அன்றைய புனலின் எண் பக்கத்திலேயே இருக்கிறது. டிசம்பர் 1 காலை, நவம்பரின் மீதி 21 வரிசைகளை நோட்டோடு ஒப்பிட்டுவிட்டுப் பூட்டினேன்; பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்து பழைய நான்கு பருவங்களின் கோப்புகள். அவற்றின் தலைப்பில் கணக்கு முடித்த தேதிக்கு டுடே ஃபார்முலா போட்டுவைத்திருக்கிறேன். எந்த நாளில் திறந்தாலும் அன்றுதான் முடித்ததாகக் காட்டுகிறது. கண்ட்ரோலோடு அரைப்புள்ளி விசையைத் தட்டினால் நிலையான தேதி விழும் என்பது அப்போது தெரியாது. நோட்டில் ஒவ்வொரு பருவத்தின் கடைசிப் பக்கத்திலும் தேதி இருக்கிறது. இந்த ஞாயிறு அவற்றைப் பார்த்து எழுதப் போகிறேன்.