எட்டு அவுன்ஸும் எட்டு அவுன்ஸும்

கேக் குறிப்பில் ஒரு கப் உலர் திராட்சை என்று இருக்கிறது. புதிதாக வாங்கிய அளவுக் கப்பில் '8 அவுன்ஸ்'. திராட்சைப் பாக்கெட்டிலும் '8 அவுன்ஸ்'. அளக்கும் வேலை மிச்சம் என்று பாக்கெட்டை அப்படியே கவிழ்த்தால் கேக் நடுவில் உட்கார்ந்துவிடும், பழமெல்லாம் அடியில் படுத்துக்கொள்ளும். குடிவந்த நாட்டில் அடுப்பு வேறு, மாவு வேறு என்று பழியை எதன் மேலாவது போடத் தோன்றும். உண்மையில் குற்றவாளி அந்த அவுன்ஸ்தான்.

கப்பில் எழுதியிருப்பது திரவ அவுன்ஸ், அதாவது கொள்ளளவு. பாக்கெட்டில் இருப்பது எடை அவுன்ஸ், 28.35 கிராம். தண்ணீருக்கு மட்டும் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். உலர் திராட்சையோ அமுக்காமல் நிரப்பினால் ஒரு அமெரிக்கக் கப்புக்குச் சுமார் 145 கிராம்தான். 8 எடை அவுன்ஸ் என்பது 227 கிராம். குறிப்பு கேட்டதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கொட்டியாயிற்று.

இவ்வளவு வித்தியாசத்துக்கும் காரணம் காற்று. தனியாக ஒரு திராட்சை தண்ணீரைவிடக் கனமானது, போட்டால் மூழ்கும். ஆனால் கப்பில் பழங்களுக்கு நடுவே பாதிக்கு மேல் வெற்றிடம். விரலால் அமுக்கினால் அதே கப் 165 கிராம் பிடிக்கும். பழம் நறுக்க நறுக்க இடைவெளி குறைந்து எடை ஏறும். ஆகவே 'நறுக்கிய ஒரு கப்' என்றால் நறுக்கிய பிறகு அளக்கவேண்டும். 'ஒரு கப், நறுக்கியது' என்றால் முதலில் அளவு, பிறகுதான் கத்தி. ஊறவைப்பதற்கும் இதே விதி. ஊறிய பழத்தைத் தராசில் வைத்தால் தண்ணீரையும் சேர்த்து எடை போடுகிறோம்.

மற்ற உலர் பழங்களில், நறுக்கிய பேரீச்சை கப்புக்கு 147, அத்தி 149, பாதியாகப் பிளந்த ஆப்ரிகாட் 130, கொட்டை நீக்கிய உலர் பிளம்ஸ் 174 கிராம். பழம் காய்ந்துபோயிருந்தால் குறையும், பிசுபிசுப்பாக இருந்தால் கூடும்.

எல்லாம் 236.6 மில்லிலிட்டர் அமெரிக்கக் கப்புக்கான கணக்கு. ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி, அதில் திராட்சை 153 கிராம் வரும். ஜப்பானியக் கப் 200 மில்லி, 123 கிராம். கையில் இருப்பது எந்தக் கப் என்று தெரியவில்லையா? தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராமோ அத்தனை மில்லி. பிறகு துடைத்துவிட்டு, உங்கள் பழத்தையே மூன்று முறை தட்டாமல் நிரப்பி, சராசரி எடுத்துக் குறித்துவையுங்கள். எந்த அட்டவணையைவிடவும் அதுதான் நம்பகமானது.

தராசு வந்த பிறகு கப்பும் அவுன்ஸும் தொந்தரவு செய்வதில்லை. புது ஊர் பழகிவிட்டது என்றே சொல்லிக்கொள்ளலாம், ஊரிலிருந்து "ரெண்டு கைப்பிடி போடு" என்று குறிப்பு வரும்வரை.

யார் கை? வீடியோவில் அள்ளிக் காட்டினாலும் கிராம் தெரியாது. அதை டம்ளரில் போட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னால் வழி உண்டு. அமுக்காத திராட்சை மில்லிக்கு 0.61 கிராம். 200 மில்லி டம்ளரில் பாதி என்றால் சுமார் 61 கிராம்.

"அரை டம்ளருக்குக் கொஞ்சம் மேல."

"எந்த டம்ளர்?"

"நம்ம டம்ளர்தான்."

விளிம்பு நசுங்கின அந்த டம்ளர் எத்தனை மில்லி என்று யாரும் அளந்ததில்லை.