தோளில் ஒரு பீஸ், பெட்டியில் ஒரு கொப்பி

விமானி மெடிக்கலுக்கு, அதாவது விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போகிற எங்கட பக்கத்துப் பிள்ளைகள் யாராவது இருந்தால், உடம்பில் செல் பீஸ் (போர்க்காலத்தில் வெடித்த எறிகணையின் துண்டு) இருக்கிறதா என்பதை முதலில் அம்மாவிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால் இரண்டு தரம் கொழும்புக்கும், ஒரு தரம் சும்மா வேறொரு ஊருக்கும் அலைந்தேன்.

வணிக விமானி ஆவதென்றால் கிளாஸ் வன் என்கிற முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இரத்மலானையில் பயிற்சிக்குக் காசு கட்ட முதல் மெடிக்கலை முடி என்று தெரிந்த அண்ணா ஒருவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு புத்திமதியைக் கேட்டதுதான் நான் செய்த ஒரே கெட்டித்தனம்.

கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறினேன். சீனிப் பரிசோதனைக்கு வெறுவயிறாக இருக்க வேண்டும். இடையில் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது கொத்து வேண்டாம் என்று பெருமையாக இருந்துவிட்டு, பக்கத்து சீற் அன்ரி நீட்டிய பால் தேத்தண்ணியை நித்திரைத் தூக்கத்தில் வாங்கிக் குடித்துவிட்டேன். விடிய நர்ஸ் கேட்டபோதுதான் நினைவு வந்தது. "நாளைக்கு வாங்கோ பிள்ளை."

வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் இன்னோர் இரவு. அதுவும் நன்மைக்குத்தான். பஸ்ஸில் என் சீற் ஸ்பீக்கருக்கு நேர் கீழே. விடிய விடியப் பாட்டு. இறங்கும்போது காதுக்குள் கூ என்றது. பலத்த சத்தம் கேட்ட பிறகு கேட்கும் திறன் கொஞ்ச நேரத்துக்கு மங்கும். 500, 1000, 2000 ஹேர்ட்ஸில் 35 டெசிபெலுக்கு மேல் இழப்பு இருக்கக்கூடாது என்பது விதி. அன்றைக்கே காது சோதிக்கிற கண்ணாடி அறைக்குள் இருத்தியிருந்தால் என்ன வந்திருக்குமோ! போகிற ஆட்கள் ஒரு நாள் முந்திப் போங்கள், ஸ்பீக்கருக்குக் கீழே இருக்காதீர்கள்.

கண், நிறப்புள்ளிப் புத்தகம், ஈசிஜி எல்லாம் சரி. கண்ணாடி போட்டு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 தெரிந்தால் போதும், இரண்டும் சேர்ந்து 6/6. கண்ணாடி போடுகிறேனே என்று பயப்படத் தேவையில்லை.

நெஞ்சு எக்ஸ்றேயில்தான் வந்தது வினை. வலது தோள்பட்டைக்குப் பின்னால், பயற்றங்காய் விதை அளவில், பளிச்சென்று ஒரு வெள்ளை. டொக்டர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படிவத்தில் "முந்திய காயங்கள், சத்திரசிகிச்சை" என்ற இடத்தில் நான் "இல்லை" என்று போட்டிருந்தேன். பொய் சொல்ல நினைக்கவில்லை. தழும்பு இருப்பது தெரியும், உள்ளே பீஸ் இருப்பது தெரியாது. 2009இல் எனக்கு ஐந்து வயது. அவர் கோபப்படவில்லை, திருத்தி எழுதச் சொன்னார். தெரிந்துகொண்டு மறைப்பதுதான் பெரிய பிழை, அதற்கு உரிமமே போகும் என்றார். காயம் இருப்பது பிரச்சினை இல்லையாம், கை வேலை செய்வதற்கும் பறப்பதற்கும் அது தடை இல்லை என்று காட்ட வேண்டுமாம். பழைய ஆஸ்பத்திரிப் பதிவும், சத்திரசிகிச்சை நிபுணரின் கடிதமும் கொண்டு வா என்று அனுப்பினார்.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "மாத்தளனில காயப்பட்டு செஞ்சிலுவைக் கப்பலில ஏத்தினதெல்லே" என்றா, நேற்று நடந்த மாதிரி.

கப்பல் கொண்டுபோய் இறக்கிய ஊரின் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பதிவறையில் இருந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. "பி.எச்.ரி நம்பர் இருக்கா?" வார்ட்டில் அனுமதிக்கும்போது நோயாளிக்குப் போடும் பதிவு அட்டையின் இலக்கம் அது. இல்லை. "அனுமதித்த திகதி?" மாசி மாதம் என்றேன். "மாசியெண்டா எப்பிடித் தேடுறது, தங்கச்சி?" அவ்வளவுதான். ஒரு முழு நாள், போகவர பஸ் காசு, வெயில். வாசலில் இருந்து அழுதது உண்மை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் றங்குப்பெட்டியைத் திறந்தா. அடியில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் செட்டிக்குளம் முகாமில் இருந்தபோது தந்த நிவாரண அட்டை, அதற்குக் கீழே மூலை கரையான் அரித்த ஒரு கிளினிக் கொப்பி. கம்பி துருவேறித் தாளில் மஞ்சளாக ஊறியிருந்தது. முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: வலது தோள்பட்டைக் காயம், உலோகத்துண்டு உள்ளேயே விடப்பட்டது. மேலே பி.எச்.ரி நம்பர்.

"ஏனம்மா முதலே சொல்லேல்ல?"

"நீ கேக்கேல்லயே."

அந்தக் கொப்பியோடு எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஓர் இளம் டொக்டர் எம்.ஆர்.ஐ எடுப்போம் என்றார். பீஸ் என்ன உலோகம் என்று தெரியாமல் அந்தக் காந்தத்துக்குள் போகக்கூடாது. உள்ளே அசைந்தால் ஆபத்து. நான் வாயைத் திறந்து "உள்ளே இரும்பு இருக்கலாம், சேர்" என்ற பிறகுதான் சி.டி ஸ்கான் என்று மாற்றி எழுதினார். உங்களிடம் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பீஸ் நுரையீரலுக்கு வெளியே, தசைக்குள், கை முழுதாக அசைகிறது என்று பெரிய டொக்டர் கடிதம் தந்தார். அடையாள அட்டையில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டலும் கடிதத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று அங்கேயே பார்த்தேன். ஓர் எழுத்து பிழை. நின்று திருத்திக்கொண்டேன்.

இரண்டாவது கொழும்புப் பயணம் இருபது நிமிடத்தில் முடிந்தது. மெடிக்கல் கிடைத்தது. நாற்பது வயதுக்குக் கீழே என்பதால் பன்னிரண்டு மாதம் செல்லும். அடுத்த முறையும் அந்தப் படத்தையும் கடிதத்தையும் கொண்டு வரச் சொன்னார்கள். கொப்பியை நான் வைத்திருக்கவில்லை. அது திரும்ப அம்மாவின் சொப்பிங் பைக்குள்ளே போய்விட்டது.