ஜெர்மனி மணி

மன்னார்குடியில் எங்கள் வீட்டு நடையில் இரண்டு கடிகாரம் உண்டு. ஒன்று எல்லா வீட்டிலும் இருப்பது. இன்னொன்று, 2019-இல் நர்ஸ் வேலைக்காக நான் டோர்ட்முண்ட் வந்த மாதம், அப்பா மேலராஜவீதியில் வாங்கி வந்து மாட்டியது. அதன் கீழே பிளாஸ்திரித் துண்டு ஒன்றை ஒட்டி, பேனாவால் ‘ஜெர்மனி’ என்று எழுதி வைத்திருந்தார்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதியே 26 வருஷம் சோறு போட்டார். என் டூட்டி சார்ட்டையும் அப்படித்தான் பார்த்தார். மாதக் கடைசியில் சார்ட்டைப் படம் எடுத்து அனுப்புவேன். ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, காலை என்றால் ‘கா’, மாலைக்கு ‘மா’, இரவுக்கு ‘இ’ என்று இறக்கிவிடுவார். நான் தூங்குகிற நேரத்தில் அவரிடமிருந்து ஒரு நாளும் போன் வந்தது கிடையாது. அம்மா அவசரப்பட்டால், “அங்க மணி எட்டுதான் ஆவுது, பாப்பா இப்பத்தான் வந்து படுத்திருக்கும்” என்று கடிகாரத்தைக் காட்டுவாராம்.

அந்தக் கடிகாரத்துக்கு வருஷத்தில் இரண்டு நாள் வேலை இருக்கிறது. இங்கே மார்ச் கடைசி ஞாயிறு மணியை ஒன்று முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு ஒன்று பின்னே இழுப்பார்கள். கோடையில் ஊருக்கும் இங்கேக்கும் மூன்றரை மணி வித்தியாசம், குளிரில் நாலரை. எனக்கு மறந்தாலும் அப்பாவுக்கு மறக்காது. சனிக்கிழமையே கேட்டுவிடுவார், “நாளைக்கு முள்ள மாத்தணும்ல?” அக்டோபரில் மாற்றுகிற ராத்திரி டூட்டியில் இருப்பவர்களுக்கு இரண்டு மணி இரண்டு தடவை வரும், ஒரு மணி நேரம் கூட வேலை. அதைச் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே கேள்விதான். “அந்த ஒரு மணிக்குச் சம்பளம் உண்டா?” உண்டு என்றதும்தான் நிம்மதியானார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஓடிப் போய் 24 நாள் கூட இருந்தேன். எனக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு. கையில் இருந்த காசும் டிக்கெட்டிலும் ஆஸ்பத்திரியிலும் போய்விட்டது. கிளம்புகிற அன்று வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “இனிமே எனக்கு ஒண்ணுன்னா ஓடி வராத. தம்பி பாத்துக்குவான்.” அப்போது கோபப்பட்டேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை ராத்திரி. முதியோர் இல்லத்தில் எனக்கு நைட் டூட்டி. இரண்டு தளத்துக்கும் சேர்த்து நர்ஸ் நான் ஒருத்தி, உதவிக்கு இன்னொரு பெண். போன் லாக்கரில் இருந்தது. ஒன்றரை மணிக்கு டீ குடிக்கப் போய் எடுத்துப் பார்த்தால் தம்பியிடமிருந்து 9 மிஸ்டு கால். எண்ணிக்கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பா ஊர் மணிக்கு 2.40-க்குப் போயிருந்தார். இங்கே அப்போது வெள்ளி இரவு 11.10. அந்த நேரத்தில் நான் யாருடைய அறையில் இருந்தேன் என்பது மறுநாள் என் கையெழுத்தைப் பார்த்தபோது தெரிந்தது. 86 வயது பாட்டி ஒருவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ‘23.10’ என்று எழுதியிருக்கிறேன். டைம் கீப்பர் மகள். நிமிஷம் தப்பாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

உதவிக்கு இருந்த பெண் வீட்டுக்குப் போ என்றாள். நர்ஸ் இல்லாமல் இல்லத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. அந்த நேரத்தில் யாரையும் எழுப்பவும் மனசு வரவில்லை. எங்கள் இல்லத்தில் யாராவது இறந்தால் முதலில் ஜன்னலைத் திறப்போம், உயிர் வெளியே போகட்டும் என்று. இங்கே பழைய பழக்கம் அது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் போய் டீ ரூம் ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம். அப்புறம் இரண்டு மணி ரவுண்டுக்குப் போனோம்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோ கால். ஊரில் மணி 11, எனக்கு 7.30. பக்கத்து வீட்டுப் பையன் போனைப் பிடித்திருந்தான். பந்தல் துணி, யாரோ ஒருவருடைய தோள், ஐஸ் பெட்டியின் மூலை, மறுபடி பந்தல் துணி. பறைச் சத்தத்தில் போன் திணறி, விட்டு விட்டுத்தான் கேட்டது. வாய்க்கரிசி போடும்போது தம்பி மனைவி போனுக்குப் பக்கத்தில் வந்து, “அண்ணி, உங்க பங்குக்கும் நான் போடுறேன்” என்றாள். இரண்டாவது தடவை அவள் கை அரிசிக்குள் போய் வந்ததைப் பார்த்தேன். மூடிய கை, நடுவில் ஒரு மணி நழுவி அப்பாவின் கன்னத்தில் விழுந்தது. அவள் அதை விரல் நுனியால் எடுத்து உதட்டில் வைத்தாள். அந்த நாளில் நான் தெளிவாகப் பார்த்தது அது ஒன்றுதான். சுடுகாட்டுப் பாதையில் சிக்னல் போய்விட்டது.

நான் போகவில்லை. போக முடியவில்லை என்று எழுதினால் அது பொய். கருமாதிக்குள் போயிருக்கலாம், கடன் வாங்கியிருந்தால். பெற்றோர் இறந்தால் எங்களுக்கு இரண்டு நாள் தனி லீவு, மிச்சம் இருந்த ஆறு நாளையும் சேர்த்தால் எட்டு. தம்பி, “நீ வந்து என்னக்கா பாக்கப் போற, அப்பாதான் இல்லையே, பொங்கலுக்கு நிதானமா வா” என்றான். அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் ராத்திரி டூட்டியில் நினைத்துப் பார்க்கிறேன். ஏகாதசி மரணம், கொடுத்து வைத்தவர் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில் சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். எல்லோரும் கையெழுத்துப் போட்ட கறுப்பு ஓரக் கார்டு ஒன்றைக் கொடுத்து, கை குலுக்கி, ‘மைன் பைலைட்’ என்றார்கள், என் அனுதாபங்கள் என்று. அன்போடுதான் செய்தார்கள். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு. யாராவது கட்டிப்பிடித்து, ஒப்பாரி வைக்காவிட்டாலும், “எப்படிம்மா ஆச்சு?” என்று முதலிலிருந்து கேட்க வேண்டும். துக்க வீட்டில் ஒவ்வொருவர் வரும்போதும் அம்மா மறுபடி முதலிலிருந்து சொல்வாளே, அது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

என்னை அப்படிக் கேட்டது தமிழ்க் கடை அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். பச்சரிசி வாங்கப் போயிருந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன தங்கச்சி, சுகமில்லையோ?” என்றார். சொன்னேன். கல்லாவை விட்டு வெளியே வந்து, அரிசி மூட்டை மேல் என்னை உட்கார வைத்தார். எப்ப நடந்தது, என்ன வருத்தம், கடைசியாய் என்ன கதைத்தவர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். “அந்தியேட்டி எப்ப?” என்றார். எங்களுக்குப் பதினாறாம் நாள் கருமாதி என்றேன். “எங்கட ஆக்களுக்கு முப்பத்தொராம் நாள்” என்றவர், கொஞ்சம் பொறுத்து அவருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னார். தொண்ணூறுகளில் இறந்திருக்கிறார். சண்டை நேரம், இவர் இங்கே அகதி, திரும்பிப் போக வழியே இல்லை. “அம்மான்ர செத்தவீட்டை நான் கசற்றிலதான் பாத்தனான். நாலு மாசத்துக்குப் பிறகு ஆரோ கொண்டு வந்து தந்தவை.” வீடியோ கேசட். நாலு மாதம் கழித்து அம்மாவின் சாவைப் பார்த்து, அன்றைக்குத்தான் செத்தது போல அழுதாராம். கேசட்டைப் போட டெக் இப்போது வீட்டில் இல்லை. கேசட் சாமி அறையில் இருக்கிறது.

தீட்டு கழியும்வரை கோயிலுக்குப் போகவில்லை. பதினாறு முடிந்த மறுவாரம் அந்த அக்காவே என்னை ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனார். தொழிற்பேட்டைக்கு நடுவில் கோபுரம் நிற்கும். ஈழத்துத் தமிழர்கள் கட்டி, 2002-இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். அப்பா பேருக்கு ஒரு நெய் விளக்கு வைத்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது சட்டென்று ஞாபகம் வரவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன். அனுஷம்.

செப்டம்பர் கடைசியில் அக்டோபர் சார்ட் வந்தது. கை பழக்கத்தில் படம் எடுத்து அப்பா நம்பருக்கு அனுப்பிவிட்டேன். அழிப்பதற்குள் இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. போன் அம்மாவிடம்தான் இருக்கிறது. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன ஞாயிறு, அக்டோபர் 29, இங்கே மணியை மாற்றினார்கள். முந்தின ராத்திரி டூட்டியில் நான்தான். இரண்டு மணி முடிந்து மறுபடி இரண்டு மணி வந்தது. தூங்கி எழுந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். அம்மா நடையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஜெர்மனி மணி மூன்றரை. என் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டரை.

ஒன்றும் சொல்லவில்லை நான். அம்மாதான் என் கண் போகிற இடத்தைப் பார்த்துத் திரும்பினாள். தம்பியைக் கூப்பிட்டு ஸ்டூலைக் கொண்டுவரச் சொன்னாள். அவன் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றி, “முன்னாடியாக்கா, பின்னாடியா?” என்றான்.

“பின்னாடி. ஒரு மணி.”

தூசியை லுங்கியில் துடைத்துத் திருப்பி மாட்டினான். அம்மா ஸ்டூலைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் நாற்பது பக்க நோட்டை எட்டி எடுத்து, கண்ணாடி போட்டு, விரல் வைத்துத் தேடினாள். ‘இ’ போட்டிருந்தது. அப்பா கையெழுத்து மாதிரி இல்லை. கோடு வளைந்திருந்தது.

“இன்னைக்கும் ராத்திரி டூட்டிதானே?” என்றாள். “போய் இன்னும் கொஞ்சம் படு.”