ஞாயிறா, திங்களா?

அமெரிக்கத் தோழி ஒருத்தி, வாரத் தொடக்கத்தில் அனுப்புவதாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஞாயிறு முழுக்க மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன். வந்தது திங்கள் காலை. அவள் மேசைக் காலண்டரில் முதல் கட்டம் ஞாயிறுதான்! கேட்டால், "அது வீக்கெண்ட் ஆச்சே" என்கிறாள்.

சரிதான். வீக்கெண்ட் என்றால் வாரக் கடைசி. அதில் சனியோடு ஞாயிறும் உண்டு. அப்புறம் அது எப்படி முதல் நாளாகும்? அமெரிக்கக் காலண்டர்கள் பெரும்பாலும் ஞாயிற்றில் தொடங்குகின்றன. பிரிட்டனில் திங்கள்தான் வழக்கம். தேதி, நேரம் எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-உம் திங்களையே வாரத்தின் 1-ஆம் நாள் என்று எண்ணுகிறது.

ஜெர்மன்காரர்கள் புதனை 'மிட்வோக்', அதாவது நடுவாரம் என்கிறார்கள். ஞாயிற்றிலிருந்து எண்ணினால்தான் புதன் நடுவில் வரும்! எனக்கு ரொம்பப் பிடித்த சான்று இது. ஆனாலும் ஆங்கிலப் பேச்சில் திங்கள் ஜெயித்துவிட்டது என்றே நினைக்கிறேன். இப்போதெல்லாம் கிழமையோடு தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.