வகுப்பில் படக் கார்டு: எனக்கு எப்படிக் கைகொடுத்தது

ஒரு வேலையின் ஒவ்வொரு படியையும் படமாகக் காட்டும் படக் கார்டு வைத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிற டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் இருக்கிறான். வாசிப்பான், கூட்டல் கணக்கு நன்றாகவே போடுவான். ஆனால் "நோட்டை எடு, தேதி போடு, மூன்று கணக்கும் போட்டுட்டு என் மேசையில வை" என்று ஒரே மூச்சில் சொன்னால் நோட்டோடு நின்றுவிடுவான். பக்கத்தில் போய்ச் சொன்னால் தேதி, இன்னொரு தடவை சொன்னால் முதல் கணக்கு. வேலை தெரியாமல் இல்லை, அடுத்தது என்ன என்பதுதான் நழுவிப்போகிறது. நாம் சொல்வது காதில் விழுந்த கையோடு போய்விடும், படம் அங்கேயே இருக்கும், மறந்தால் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். அடிப்படை அவ்வளவுதான்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷோப்லர் என்ற உளவியலாளர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக 1972ல் தொடங்கிய 'டீச்' (TEACCH) திட்டத்தில், பிள்ளை தானாக ஒரு வேலையைச் செய்ய நான்கு கேள்விகளுக்குக் கண்ணாலேயே பதில் கிடைக்க வேண்டும் என்பார்கள்: என்ன வேலை, எவ்வளவு, முடிந்தது என்று எப்படித் தெரியும், அப்புறம் என்ன. முதல் கேள்விக்குத்தான் எல்லாரும் படம் ஒட்டுகிறோம். என்னைக் கேட்டால் உயிர் இருப்பது மூன்றாவதில்.

அதனால் கார்டு ஒட்டுகிற பலகையின் வலது ஓரத்தில் 'முடிந்தது' என்று எழுதிய ஒரு சின்ன டப்பாவை மாட்டினேன். கார்டுகள் இடமிருந்து வலமாக வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும். தேதி எழுதியதும் அந்தக் கார்டை 'சர்ர்' என்று பிய்த்து டப்பாவில் போட வேண்டும். கணக்குக்கு ஒரே கார்டு வைக்காமல், கணக்கு ஒன்றுக்கு ஒரு கார்டு. பலகை காலியாகக் காலியாக அவனுக்கே தெரியும், இன்னும் கொஞ்சம்தான் என்று. கடைசியில் அவனுக்குப் பிடித்த வேலையின் படம், அது மட்டும் எல்லா நாளும் உண்டு.

படங்களை இணையத்திலிருந்து எடுக்கவில்லை, அவனுடைய நோட்டு, அவனுடைய பென்சில் பெட்டி எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தேன். முதல் படத்தில் ஓரமாக என் வளையல் விழுந்திருந்தது, அவன் நோட்டை விட்டுவிட்டு வளையலையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்! வெள்ளைத் தாள் மேல் வைத்து மறுபடி எடுத்ததும் சரியாயிற்று. பளபள லேமினேஷன் வேண்டாம், ட்யூப் லைட் வெளிச்சம் பட்டால் படமே தெரியாது.

கார்டு செய்வது ஒரு மாலை வேலை. வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரும்பாடு. அவன் நின்றுவிட்டால் "அடுத்து என்னடா?" என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும். அப்படிக் கேட்டால் அவன் நம் குரலுக்குத்தான் காத்திருப்பான், கார்டு சுவர் அலங்காரமாகிவிடும். நான் அவனுக்குப் பின்னால் நின்று, பேசாமல், அவன் கையை மெதுவாக அடுத்த கார்டுப் பக்கம் நகர்த்துவேன். பிறகு விரலால் சுட்டுவதோடு சரி, அதற்கும் பிறகு ஓரடி தள்ளி நின்றுகொண்டேன். நன்றாக இருக்கும் நாளில் முழுப் பலகையையும் காலி செய்துவிட்டு "முடிஞ்சுது மிஸ்" என்று அவனே வருவான். எல்லா நாளும் நல்ல நாள் இல்லை, சத்தம் அதிகமான நாட்களில் கார்டுகளைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.

திடீரென்று பாடவேளை மாறினால் அழுகை வரும் என்பதால் 'மாற்றம்' என்று ஒரு மஞ்சள் கார்டும் வைத்திருக்கிறேன். அதை ரகளை நாளில் முதன்முதலாகக் காட்டக்கூடாது. அவனுக்குப் பிடித்த மாற்றம் வரும் நாளாகப் பார்த்து அறிமுகப்படுத்துங்கள்.

"காலம் முழுக்க கார்டோடயே இருப்பானா?" என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். இருந்தால்தான் என்ன? கார்டைப் பார்த்துச் செய்கிறவன் ஆளை எதிர்பார்ப்பதில்லையே. வாசிக்கத் தெரிந்தவன் என்பதால் இப்போது சில பாடங்களுக்குப் படத்தை எடுத்துவிட்டு வெறும் வரிகளாக எழுதிக் கொடுக்கிறேன், முடித்ததை அவனே அடித்துவிடுகிறான். பக்கத்து பெஞ்சுப் பெண் தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள், அவளுக்கு ஆட்டிசமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்புறம், கார்டு கட்டாயம் தொலையும். ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.