கீழே வந்தால் நல்ல பிள்ளை

எங்கள் பிக்கப்புக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. மலையில் ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வசதி, விழாது. போடிக்கு இறக்கிக்கொண்டுவந்து மெக்கானிக் முன்னால் நிறுத்தினால் முதல் திருகிலேயே 'டக்' என்று விழுந்து, டேஷ்போர்டில் விளக்கு அசையாமல் எரியும். "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று அவர் என்னைப் பார்ப்பார், நான் டிரைவரைப் பார்ப்பேன், டிரைவர் வானத்தைப் பார்ப்பான். ஜூன் கடைசியில் ஆரம்பித்த இந்தக் கூத்து ஆகஸ்ட் வரைக்கும் நடந்தது.

வீடு போடியில், ஏலக்காய்த் தோட்டம் மலைக்கு மேலே கேரளாவில், பூப்பாறைக்கு அந்தப் பக்கம். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஃபோர் வீல் தேவையே இல்லை, அது நல்ல தார் ரோடு. மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியபிறகு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் விஷயம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் அது ரோடே இல்லை, களிமண். காய் எடுப்பு நடக்கும் நாளில் பச்சைக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் காயை உலர்த்தும் ஸ்டோருக்குப் போய்விட வேண்டும், எடுத்த காயைக் குவித்துப் போட்டுவைத்தால் நிறம் போய்விடும், நிறம் போனால் ஏலத்தில் விலை போகாது. அந்த நேரம் பார்த்து விளக்கு மினுக் மினுக் என்று கண்ணடித்தால் எப்படி இருக்கும்? ஆள் இறங்கித் தள்ளினோம், சாக்கைப் போட்டோம், ஒருநாள் பக்கத்துத் தோட்டத்து ஜீப் வந்து இழுத்தது.

அப்பாவின் பழைய ஜீப்பில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி இருக்கும். இழுத்தால் விழும், விழவில்லை என்றால் அப்பா ஒரு வார்த்தை திட்டி இன்னொரு தடவை இழுப்பார், விழுந்துவிடும். இப்போது கம்பி இல்லை, ஒரு திருகுதான். டூ ஹை (இரண்டு சக்கரம்), ஃபோர் ஹை (நாலு சக்கரம்), ஃபோர் லோ (நாலு சக்கரம், மெதுவான கியர்). அந்தத் திருகு எதையும் இழுப்பதில்லை, ஒரு டப்பாவிடம் விண்ணப்பம் போடுகிறது, அவ்வளவுதான். அந்த டப்பாதான் ஃபோர் வீல் கண்ட்ரோல் மாட்யூல். வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது, ஃபோர் லோ கேட்டால் வண்டி நின்று கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக்கொடுக்கும் பெட்டி) இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றெல்லாம் பார்த்து, திருப்தியானால் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் மாட்டியிருக்கும் சின்ன மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும். மோட்டார் சுற்றி உள்ளே கியரை மாற்றுகிற ஃபோர்க்கை நகர்த்தும். மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று ஒரு சென்சார் திரும்ப டப்பாவுக்குச் சொல்லும். சொன்னது டப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் விளக்கு மினுக்கும்.

ஆக, மினுக்கினால் திருகு, வயர், மோட்டார், சென்சார், மாட்யூல் இதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். கீழே நான் கொண்டுபோன பட்டறையில் எதையும் அளந்து பார்க்காமலே மோட்டார்தான் என்றார்கள். புது மோட்டார் 28,000 ரூபாய். மாட்டிப் பார்த்தோம், பட்டறையில் அருமையாக விழுந்தது. (பழைய மோட்டாரும் அங்கே அருமையாகத்தான் விழுந்துகொண்டிருந்தது, அது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை.) மறுநாள் காலை பூப்பாறை பனிக்குள் நுழைந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

அன்றைக்கு வெறுத்துப்போய்ப் பூப்பாறையிலேயே ஒரு எலக்ட்ரீஷியன் சேட்டனிடம் விட்டேன். ஜீப்புகளுக்கு வயரிங் பார்க்கிறவர், பெரிய பட்டறை எல்லாம் இல்லை, தகரக் கொட்டகைதான். நான் மோட்டார் கதையை முழுசாகச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எர்த் நோக்கியோ?"

யாரும் பார்க்கவில்லை.

மாட்யூலின் எர்த் வயர், கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி, இடதுபக்கம் காலடிக்கு உள்ளே பாடியில் ஒரு போல்ட்டில் முடிகிறது. மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த வயரிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்து, டிரைவரைத் திருகைத் திருப்பச் சொன்னார். 0.9 வோல்ட் காட்டியது. அங்கே 0.1, 0.2க்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் காட்டினால் எர்த்தில் எங்கோ தடை இருக்கிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றினால் அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கியதும் அளவு இறங்கிவிட்டது. ஆனால் விளக்கு இன்னும் மினுக்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். துரு இருந்தால் தண்ணீர் வந்த வழி ஒன்று இருக்க வேண்டுமே!

அடுத்து ஸ்கேனர். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், வண்டியில் சொருகிக் கோளாறு படிக்க ஆன்லைனில் மலிவாக வரும் ஓபிடி கருவி பெரும்பாலும் எஞ்சினோடு மட்டும்தான் பேசும். எல்லா மாட்யூலையும் படிக்கிற ஸ்கேனர் வேண்டும். அதைப் போட்டதும் யூ 0114 என்று வந்தது, ஃபோர் வீல் மாட்யூலோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். தொடர்பு அறுந்தால் மாட்யூல்தான் போச்சு என்று உடனே எழுதிவிடக் கூடாது, வயர் அறுந்தாலும் இதே எர்ரர் நம்பர்தான் வரும். அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, க்ளவ் பாக்ஸை இறக்கி, மாட்யூலின் சாக்கெட்டைப் பிடுங்கி அங்கேயே மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் வயர் இரண்டுக்கும் நடுவில் ஓம் பார்த்தார். 60. கேன் லைனின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு, இரண்டும் சேர்ந்து 60 காட்டினால் அந்த இடம்வரை லைன் ஒழுங்காக வருகிறது. பேட்டரியைத் திரும்ப மாட்டிப் பார்த்ததில் அதே சாக்கெட்டுக்கு 12 வோல்ட்டும் வந்தது, எர்த்தும் வந்தது. சாப்பாடு, தண்ணீர், போன் லைன் எல்லாம் இருக்கிறது, வீட்டுக்காரன்தான் பதில் பேசவில்லை.

அப்புறம் அவர் செய்த காரியம்தான் இதை எழுத வைத்தது. சாக்கெட்டைத் திரும்பச் சொருகிவிட்டு, வீட்டுக்குள் போய் மகளுடைய ஹேர் ட்ரையரை எடுத்துவந்து மாட்யூலுக்கு மிதமான சூட்டில் பத்து நிமிஷம் காற்று காட்டினார். திருகைத் திருப்பினேன். 'டக்.' விளக்கு அசையாமல் நின்றது. இத்தனை நாளும் போடி வெயில் எனக்குச் செய்துகொண்டிருந்த வேலையை அந்த ட்ரையர் பத்து நிமிஷத்தில் செய்துவிட்டது.

டப்பாவைக் கழற்றித் திறந்தார். உள்ளே போர்டின் ஒரு மூலை முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது, சாக்கெட் பின் இரண்டு சுண்ணாம்பு தடவினமாதிரி இருந்தன, அதற்குப் பின்னால் மயிரிழை போன்ற ஒரு செம்புக்கோடு பாதி தின்னப்பட்டிருந்தது. "வெள்ளம் கேறியதாணு" என்றார். டிரைவர் தம்பி சின்னமனூர்க்காரன், வேலைக்குப் புதுசு. "வெள்ளமா? நாம ஆத்துல எறங்கவே இல்லையேண்ணே!" என்று என்னிடம் பதறினான். மலையாளத்தில் தண்ணீரே வெள்ளம்தான் என்று அவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் சேட்டன் சிரித்து ஓய்ந்திருந்தார்.

வெள்ளம் வந்த வழி வைப்பருக்கு அடியில் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே ஜல்லடை மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கைத் தூக்கினால் சில்வர் ஓக் இலை மக்கி உரமாகவே ஆகிவிட்டிருந்தது. தண்ணீர் வடிகிற ஓட்டை அடைத்து, நிறைந்து, வயர் நுழையும் ரப்பர் வழியாக உள்ளே கசிந்து, வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி நேராக மாட்யூலின் சாக்கெட்டில் போய் உட்கார்ந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் புது மாட்யூல் போட்டிருந்தால் அடுத்த ஜூனில் அதுவும் பூத்திருக்கும்.

மாட்யூல் புதுசு விலை கேட்டதும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். பழைய பார்ட்ஸ் கடையில் சொல்லிவைத்து இரண்டு வாரத்தில் பஸ் பார்சலில் ஒன்று வந்தது. வாங்குகிறவர்கள் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள், ஒரே மாடலாக இருந்தாலும் கியர்பாக்ஸ் மாறினால் மாட்யூலும் மாறலாம். மாட்டுவது பெரிய வேலை இல்லை, பேட்டரி மைனஸைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டு, இரண்டு போல்ட், ஒரு சாக்கெட், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வண்டியில் மாட்டியதும் வேலை செய்யவில்லை. லேப்டாப் வைத்திருந்த ஒரு பையன் வந்து வண்டியின் சேசிஸ் நம்பரை அதற்குள் எழுதி, மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கற்றுக்கொடுத்தபிறகுதான் டப்பா எங்களை ஓனர் என்று ஒத்துக்கொண்டது. சேட்டன் ரப்பரைச் சுற்றி சீலன்ட் வைத்து, வயரை சாக்கெட்டுக்கு முன்னால் கீழே தொங்கி மேலே ஏறுகிற மாதிரி வளைத்துக் கட்டினார். இனி தண்ணீர் வந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும்.

சோதனை ஓட்டத்தை மண்ரோட்டில்தான் செய்தோம். முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் வேறுவேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லாத வண்டி இது, திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறுவேறு தூரம் ஓடும், காய்ந்த தாரில் வழுக்க இடம் இல்லாமல் உள்ளே முறுக்கிக்கொள்ளும். நல்லவேளை, மாட்யூல் படுக்கும்போதெல்லாம் வண்டி டூ ஹையில் நின்றது. ஃபோர் லோவில் நின்றிருந்தால் அந்த 17 வளைவையும் எப்படி இறக்கியிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இப்போது தம்பி தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் வைப்பருக்கு அடியில் விரலை விட்டு இலை பொறுக்குகிறான். கழற்றிய அந்தப் பழைய மோட்டார், ஒரு குறையும் இல்லாதது, ஸ்டோரில் சாக்கு மூட்டைக்குப் பின்னால் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன். வாங்குவதற்கு முன்னால் எர்த் பார்த்துவிட்டு வாருங்கள்.