கோபால்ட் கொள்முதலில் நான் கண்டவை

60 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள ஒரு மின்காரின் பேட்டரியில், நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் சம பங்காகக் கலந்த பழைய வகை நேர்மின்வாய்ப் பொருளைப் பயன்படுத்தினால் ஏறத்தாழ 24 கிலோ கோபால்ட் தேவைப்படும். நிக்கல் 6, மாங்கனீசு 2, கோபால்ட் 2 என்று கலக்கும் 622 என்ற விகிதத்தில் அது 13 கிலோவாகவும், 8, 1, 1 என்று கலக்கும் 811 என்ற விகிதத்தில் 6 கிலோவாகவும் குறையும். ஐரோப்பிய பேட்டரி நிறுவனமொன்றின் கொள்முதல் பிரிவில் நான் சேர்ந்தபோது என் பொறுப்பில் விடப்பட்ட பொருள் இந்தக் கோபால்ட்தான். லித்தியம், நிக்கல், கிராஃபைட் வாங்கும் சக ஊழியர்களின் சிக்கல்களையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன் என்றாலும், இந்தத் தொழிலைப் பற்றி எனக்குள் உறுதியாகியிருக்கும் கருத்துகளில் பெரும்பாலானவை காங்கோ ஜனநாயகக் குடியரசின் லுவாலாபா மாகாணத்தில், கொல்வேசி நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உருவானவை.

உலகில் தோண்டியெடுக்கப்படும் கோபால்ட்டில் 70 விழுக்காட்டுக்கும் மேல் அந்த ஒரு நாட்டிலிருந்து வருகிறது. அங்கே கோபால்ட் தனியாகக் கிடைப்பதில்லை. செம்புத் தாதுவோடு சேர்ந்தே கிடைக்கிறது. தாதுவை அரைத்துக் கந்தக அமிலத்தில் கரைத்து, முதலில் செம்பைப் பிரித்தெடுத்த பின், எஞ்சிய கரைசலில் மெக்னீசியம் ஆக்சைடைச் சேர்த்துக் கோபால்ட்டை ஹைட்ராக்சைடாகப் படிய வைக்கிறார்கள். உலர்ந்த எடையில் 30 விழுக்காடு அளவுக்குக் கோபால்ட் இருக்கும் அந்த ஈரத் தூளை ஜம்போ பைகளில் அடைத்து லாரியில் ஏற்றினால், லிகாசி, லுபும்பாஷி வழியாகக் கசும்பலேசா எல்லையைக் கடந்து, சாம்பியாவின் குறுக்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் வரை அது சாலையிலேயே செல்ல வேண்டும். எல்லையில் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்பதும், 2021 ஜூலையில் இணையத் தாக்குதலால் முடங்கிய டர்பன் துறைமுகம் 2022 ஏப்ரலில் வெள்ளத்தாலும் தடைபட்டதும் எங்கள் உற்பத்தி அட்டவணையை நேரடியாகப் பாதித்த நிகழ்வுகள். அங்கிருந்து பெரும்பகுதி சரக்கு சீனாவின் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும், சிறு பகுதி பின்லாந்தின் கொக்கோலாவுக்கும் போய், கோபால்ட் சல்பேட்டாக மாறிய பிறகே பேட்டரிப் பொருள் தயாரிப்பவரை அடைகிறது.

கொள்முதல் வேலையின் அன்றாட உள்ளடக்கம் பெரும்பாலும் எடையும் மாதிரியும்தான். டர்பன் கிடங்கொன்றில் முதன்முறை மாதிரி எடுப்பதைப் பார்த்தபோது, நம் ஊர் நெல் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி நெல்லை உருவிப் பார்ப்பது போலவே, நீண்ட உலோகக் குழாயைப் பையின் மேலிருந்து அடிவரை இறக்கித் தூளை உருவினார்கள். பை நெடுந்தூரம் குலுங்கி வந்திருப்பதால் மேலே இருக்கும் தூளும் அடியிலிருப்பதும் ஒரே ஈரத்தோடு இருப்பதில்லை. ஆகவே குழாய் அடிவரை இறங்கியதா என்பதை ஆய்வாளர் ஒவ்வொரு பையிலும் கண்ணால் பார்த்து உறுதி செய்கிறார். உருவிய தூளை உடனே மூடிய பையிலிட்டு முத்திரை வைக்காவிட்டால், காற்றில் ஈரம் குறைந்து, உலர் எடைக் கணக்கு தவறி, ஒரு தரப்புக்குப் பெருந்தொகை இழப்பாகும். விற்பவரின் ஆய்வகமும் வாங்குபவரின் ஆய்வகமும் தரும் கோபால்ட் விழுக்காடு ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்குமேல் வேறுபட்டால், மூன்றாவது மாதிரி நடுவர் ஆய்வகத்துக்குப் போகும். ஒருவரையொருவர் நம்பாமலேயே நியாயமாக வணிகம் செய்வதற்குப் பல தலைமுறை உலோக வணிகர்கள் உருவாக்கிய நடைமுறை இது. இதன்மேல் எனக்கு இன்றுவரை மதிப்பு உண்டு.

இதே நேர்மை தாது முதன்முதலில் கைமாறும் இடத்தில் இல்லை என்பதுதான் என்னை உறுத்தியது. பெருநிறுவனங்களின் திறந்தவெளிச் சுரங்கங்களுக்கு அப்பால், மண்வெட்டியும் கடப்பாறையும் கொண்டு கையால் தோண்டும் பல்லாயிரக்கணக்கானோர் கொல்வேசி வட்டாரத்தில் இருக்கிறார்கள். காங்கோவின் கோபால்ட்டில் அவர்களின் பங்கு 10 முதல் 30 விழுக்காடு வரை இருக்கும் எனப் பல ஆண்டுகளாக மதிப்பிடப்பட்டு வந்தது. விலை ஏறும்போது அது கூடும், இறங்கும்போது குறையும். அந்நாட்டுச் சட்டப்படி அவர்கள் அதற்கென ஒதுக்கிய நிலத்தில், கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து, 30 மீட்டருக்கு மிகாத ஆழத்தில்தான் தோண்டலாம். ஆனால் ஒதுக்கிய நிலங்கள் மிகக் குறைவு. தாது வளமான நிலங்களில் பெரும்பகுதி நிறுவனங்களின் குத்தகையில் இருக்கிறது. எனவே சட்டப்படி தோண்டுவதற்கான வழியே பெரும்பாலோருக்கு அடைபட்டிருக்கிறது. 2014 வாக்கில் கசுலோ குடியிருப்பில் மக்கள் தங்கள் வீட்டுத் தரையையே உடைத்துக் குழி தோண்டத் தொடங்கியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நகருக்கு வெளியே உள்ள முசோம்போவில் வரிசையாகக் கொள்முதல் கூடங்கள் இருந்தன. தார்ப்பாய்க் கூரையின்கீழ் ஒரு தராசு, கைத்துப்பாக்கி வடிவிலான எக்ஸ்ரே கருவி ஒன்று, தாதுவிலுள்ள கோபால்ட் விழுக்காட்டுக்கேற்பக் கிலோவுக்கு எத்தனை பிராங்க் என்று எழுதிய பலகை ஒன்று. இவ்வளவுதான் ஒரு கூடம். இளைஞர் ஒருவர் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்த சாக்கை அவிழ்த்துக் கொட்டினார். கூடத்துக்காரரின் ஆள் அந்தக் கருநிறத் தாதுக் கற்களிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துக் கருவியை அழுத்தினார். திரை கூடத்துக்காரரின் பக்கமே திரும்பியிருந்தது. சொன்ன எண்ணைக் கேட்டு அந்த இளைஞர் வாதாடாமல் பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த கூடத்தில் வேறு எண் வரக்கூடுமே என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டேன். மறுபடி சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டு போனால் அங்கே இதைவிடக் குறைவாகவும் சொல்வார்கள், இங்கே மீண்டும் வந்தால் முன்பு சொன்ன விலையும் கிடைக்காது என்று அவர் விளக்கினார். டர்பனில் இரு பெருநிறுவனங்களுக்கிடையே அரை விழுக்காட்டு வேறுபாட்டுக்கு நடுவர் ஆய்வகம் இருக்கிறது. அதே உலோகத்தைக் குழிக்குள் இறங்கி எடுத்தவருக்கு, தன் சாக்கில் என்ன இருக்கிறது என்பதைத் தானே பார்த்துக்கொள்ளும் உரிமைகூட இல்லை.

அந்தக் கூடத்துத் தாது மாலையில் லாரியேறி ஆலைக்குப் போகும். ஆலை முற்றத்தில் அது சுரங்கத் தாதுவோடு கலந்து அமிலத்தில் கரைந்த பிறகு, எந்த வேதிப் பகுப்பாய்வாலும் அதைத் தனியே பிரித்தறிய முடியாது. எங்கள் மேசைக்கு வரும் மூலச் சான்றிதழ் ஆலையின் பெயரைச் சொல்லும். ஆலை வாசலுக்கு முந்தைய பயணத்தைப் பற்றி அது பேசாது.

2016 ஜனவரியில் ஆம்னஸ்டி இன்டர்நேஷனலும் ஆஃப்ரிவாட்ச் என்ற காங்கோ அமைப்பும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, கையால் தோண்டும் குழிகளில் குழந்தைகள் உழைப்பதையும் அந்தத் தாது உலகப் புகழ்பெற்ற நிறுவனங்களின் விநியோகத் தொடரை அடைவதையும் ஆவணப்படுத்தியது. அதன் விளைவாக வாங்குபவர்கள் பலரும் ஒப்பந்தங்களில் சேர்த்த நிபந்தனை, கையால் தோண்டிய தாது கலவாத கோபால்ட் மட்டுமே வேண்டும் என்பது. அப்படியொரு வாசகத்தைக் கொண்ட ஒப்பந்தங்களை நானும் கையாண்டிருக்கிறேன். அந்த நிபந்தனை வாங்குபவரின் பெயரைக் காக்கிறது. குழிக்குள் இருப்பவரைக் காப்பதில்லை. தாது விற்பனை நின்றுவிடுவதில்லை. இடையில் இன்னும் ஒரு தரகர் சேர்கிறார், விலை இன்னும் குறைகிறது, பார்வையிடுவதற்கு யாரும் வருவதில்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதலும் சிறு சுரங்கத் தொழிலாளரிடமிருந்து விலகி ஓடுவதைவிட அவர்களின் பணியை முறைப்படுத்தத் துணைநிற்பதையே ஊக்குவிக்கிறது. தணிக்கைக் கூட்டங்களில் அந்தப் பகுதியை எடுத்துக்காட்டும்போதெல்லாம் அறையில் தர்மசங்கடமான அமைதி நிலவுவதைக் கண்டிருக்கிறேன்.

முறைப்படுத்த முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. கொல்வேசிக்கு அருகே முத்தோஷியில், செமாஃப் நிறுவனத்தின் குத்தகை நிலத்தில், டிராஃபிகுரா என்ற வணிக நிறுவனமும் பாக்ட் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து 2018 முதல் ஒரு முன்னோட்டத் திட்டத்தை நடத்தின. நிலத்தைச் சுற்றி வேலி, வாசலில் அடையாள அட்டை, தலைக்கவசம், மேல்மண்ணை முன்கூட்டியே இயந்திரம் கொண்டு அகற்றியதால் ஆழக் குறைவான குழிகள் என எதுவும் பெருஞ்செலவுள்ள ஏற்பாடு அல்ல. சுரங்கத்துக்குள் பெண்கள் வந்தால் தாது மறைந்துவிடும் என்று நம்பப்படும் பகுதியில், அங்கே பெண்களும் தோண்டும் வேலையில் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகத் திட்டம் நின்றுபோனது. ஆம்னஸ்டி அறிக்கை வெளிவந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படிப்பட்ட தளங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது எங்கள் தொழில் முழுவதற்கும் தலைகுனிவு.

கோபால்ட்டே வேண்டாம் என்று முடிவெடுத்தால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று பலர் கேட்பதுண்டு. 811 விகிதத்துக்கு மாறியபோது குறைத்த கோபால்ட்டின் இடத்தை நிக்கல் பிடித்தது. அந்த நிக்கலின் பெரும்பகுதி இன்று இந்தோனேசியாவின் சுலவேசி, ஹல்மஹெரா தீவுகளிலிருந்து வருகிறது. ஏறத்தாழ 1 விழுக்காடு நிக்கல் மட்டுமே உள்ள செம்மண் தாதுவை 250 டிகிரி வெப்பத்தில், உயர் அழுத்தத்தில், அமிலத்தில் கரைக்கிறார்கள். அந்தத் தொழிற்பூங்காக்களுக்கான மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து கிடைக்கிறது. மீதமாகும் கழிவுச் சேற்றை மழை மிகுந்த தீவில் பாதுகாப்பாகச் சேமிப்பது கடினமான பணி. எல்எஃப்பி எனப்படும் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. 2024இல் உலக மின்கார பேட்டரிச் சந்தையில் ஏறத்தாழ பாதி அதன் வசமாயிருந்தது. மலிவும் பாதுகாப்பும் உள்ள அந்த வகையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அதன் உற்பத்தி ஏறக்குறைய முழுவதும் சீனாவில் குவிந்திருக்கிறது என்பதால் வாங்குபவரின் கவலை இடம் மாறுகிறதே ஒழியத் தீர்வதில்லை. கொல்வேசியில் தோண்டுபவருக்கோ அது விலைச்சரிவாக மட்டுமே வந்து சேர்கிறது.

கிராஃபைட் வாங்கும் நண்பர் ஒருமுறை, உங்கள் சிவகங்கையிலேயே கிராஃபைட் சுரங்கம் இருக்கிறதே, ஏன் மொசாம்பிக் வரை போகிறோம் என்று கேட்டார். சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுக்கும் கிராஃபைட் வெப்பம் தாங்கும் செங்கற்களுக்கும் உலோகத்தை உருக்கும் பாத்திரங்களுக்கும் பயன்பட்டு வருகிறது. அதைப் பேட்டரியின் எதிர்மின்வாய்க்கு ஏற்றதாக்க, செதில்களைக் கோளமாக உருட்டி, 99.95 விழுக்காடு தூய்மைக்குக் கொண்டுவர வேண்டும். உருட்டும்போதே பாதிக்கு மேல் துகளாகக் கழிந்துவிடும். இந்தப் பணியில் 90 விழுக்காட்டுக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. அதனால்தான் 2023 டிசம்பரில் கிராஃபைட் ஏற்றுமதிக்குச் சீனா அனுமதி முறையைக் கொண்டுவந்தபோது, பிற நாடுகளில் சுரங்கம் வைத்திருந்தவர்களுக்கும் உறக்கம் போனது. சுரங்கம் கையில் இருப்பதும் மூலப்பொருள் கையில் இருப்பதும் வேறு வேறு.

இந்த உண்மையைத் தாது உள்ள நாடுகளும் உணர்ந்துவிட்டன. இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. ஜிம்பாப்வே 2022 டிசம்பரில் பதப்படுத்தாத லித்தியம் தாதுவுக்குத் தடை விதித்தது. கோபால்ட் விலை 2018 வசந்தத்தில் டன்னுக்கு 90,000 டாலரைத் தாண்டியிருந்தது. 2025 தொடக்கத்தில் 25,000 டாலருக்கும் கீழே கிடந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று காங்கோ ஏற்றுமதியையே நிறுத்தியது. அக்டோபரில் தடை விலகி ஒதுக்கீட்டு முறை வந்தது: 2026, 2027 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு 96,600 டன் மட்டுமே வெளியே போகலாம். ஏற்றுமதி நின்ற அந்தப் பிப்ரவரி வாரம் எங்கள் அலுவலகத்தில் பதற்றத்தோடு கழிந்தது. இருப்பைக் கணக்கிட்டு, மறுசுழற்சிப் பொருளுக்கும் இந்தோனேசிய நிக்கலின் துணைப்பொருளாக வரும் கோபால்ட்டுக்கும் ஆள்விட்டுக் கேட்டோம். ஆயினும் அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். உலகத் தேவையின் பெரும்பகுதியைத் தரும் ஒரு நாடு, தன் மண் அடிமாட்டு விலைக்குப் போவதை நிறுத்த முயல்வது அதன் உரிமை. அந்த விலையேற்றம் முசோம்போவின் பலகை வரை இறங்குகிறதா என்பதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, மூலப்பொருள் எங்கிருந்து, எந்தச் சூழலில் எடுக்கப்பட்டது என்பதை விற்பனையாளரே விசாரித்தறிவதைச் சட்டக் கடமையாக்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கியிருக்க வேண்டிய அந்தக் கடமை 2027 ஆகஸ்டுக்குத் தள்ளிப்போடப்பட்டது. இந்த இடைவெளியில் எங்கள் புதிய ஒப்பந்தங்களில் கையால் தோண்டிய தாதுவை விலக்கும் வாசகத்தை எடுத்துவிட்டு, சில நிபந்தனைகளோடு அதை ஏற்கும் வாசகத்தைச் சேர்க்க வேண்டும் என்று வாதாடி வருகிறேன். தாது வாங்கும் இடத்தில் எக்ஸ்ரே கருவியின் திரை விற்பவருக்கும் தெரிய வேண்டும். விற்பவர் கேட்டால் கூட்டுறவின் சொந்தக் கருவியில் மறு ஆய்வு செய்ய வேண்டும். ஒவ்வொரு சாக்குக்கும் எடையும் விழுக்காடும் கொடுத்த பணமும் எழுதிய ரசீது இருக்க வேண்டும். அந்த ரசீதுகளின் தொகுப்பு ஆலையின் வரவுப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று எங்கள் தணிக்கையாளர் பார்க்க வேண்டும். குழிகளைப் பாதுகாப்பாக்கும் செலவில் ஒரு பங்கை டன் கணக்கில் நாங்கள் தர வேண்டும். சட்டப் பிரிவு முதல் மூன்றுக்கும் இணங்கிவிட்டது. தணிக்கைக்கும் செலவுப் பங்குக்கும் இன்னும் ஒப்புதல் வரவில்லை. அடுத்த ஆண்டுக்கான விலைப் பேச்சுவார்த்தை தொடங்குவதற்குள் அவற்றையும் வாங்கிவிட முயன்றுகொண்டிருக்கிறேன்.